கடல் போன ஊரில் பார்க்க வேண்டியவை

கடற்கரை நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சென்னை என்றால் மெரினா, கலங்கரை விளக்கம், சாந்தோம் தேவாலயம், கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், நேரம் மிஞ்சினால் மாமல்லபுரம். கொழும்பு என்றால் காலிமுகத்திடல். பினாங்கு என்றால் ஜார்ஜ் டவுன். ஊர் மாறினாலும் பட்டியலின் நடை மாறுவதில்லை: முதலில் கடல், அடுத்து கோயில், அப்புறம் கோட்டை, கடைசியில் கடைத்தெரு. ஒவ்வொன்றின் முன்பும் நின்று ஒரு படம். பட்டியலில் ஒரு பெயர் கழிந்தது.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஓடி ஓடிப் பார்ப்பது பார்ப்பதாகுமா, படம் பிடிக்கப் போவது பயணமாகுமா என்று கேட்கிறவருக்குக் கேட்கும்போதே கொஞ்சம் பெருமிதம் வந்துவிடுகிறது. ஆனால் பட்டியலின் அருமை தெரிய வேண்டுமானால், அதில் இடம் பிடிக்காத ஒரு வட்டாரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் அப்படிப்பட்ட வட்டாரம்.

திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பெரம்பலூர், பேருந்து நின்றால் டீ குடிக்கும் ஊர். அரியலூர் என்றதும் மூத்தவர்களுக்கு 1956-ல் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்ததும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் நினைவுக்கு வரும். இளையவர்களுக்குச் சிமெண்ட் லாரிகள். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் ஒரு பக்கம், முந்திரிக் காடுகள் இன்னொரு பக்கம், நடுவே சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். “இங்க பாக்க என்ன சார் இருக்கு, கல்லும் புழுதியுந்தான்” என்று உள்ளூர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரி. பார்க்க இருப்பது கல்தான். ஆனால் அந்தக் கல் ஒரு கடல்.

கரை என்பது நாம் நினைக்கிற அளவுக்கு நிலையானது இல்லை. மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்களை நீட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே அலைகள் நகர்த்திக்கொண்டு போன மணலை அந்தச் சுவர்கள் மறித்தன. மறிபட்ட மணல் தெற்கே குவிந்து குவிந்து அகன்ற கடற்கரையாயிற்று. மணல் வந்து சேராத வடக்கே, ராயபுரம் பக்கம், கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் உலாவுவதற்கு ஒரு பாதை அமைத்து, இத்தாலி நினைவில் மெரினா என்று பெயரும் வைத்தார். நாம் ஆண்டாண்டுக்கும் இருந்ததாக எண்ணிச் சுண்டல் தின்று நடக்கும் அந்த அகலத்துக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுதான். ஒரு துறைமுகச் சுவர் இவ்வளவு செய்யுமென்றால், கண்டங்களே நகர்ந்தால் என்ன ஆகும்?

ஆனது அரியலூரில் எழுதியிருக்கிறது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா தனியே விலகிக்கொண்டிருந்த காலத்தில், நிலத்தின் கிழக்கு ஓரம் தாழ்ந்து கடல் உள்ளே ஏறியது. ஏறியது பின்வாங்கியது, மறுபடி ஏறியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்த இந்த வரத்துப்போக்கில் சேறும் மணலும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்தன. கடைசியில் கடல் கிழக்கே போய்விட்டது. படிந்தவை மட்டும் நின்றுவிட்டன. ஆக, இது கடலை இழந்த ஒரு கடற்கரை. இதற்கும் ஒரு பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் போடலாம்.

முதலில் கடல். பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்தை ஒட்டி, புல்கூட அரிதாகவே பிடிக்கும் களிமண் வெளி ஒன்று இருக்கிறது. மழை அறுத்து அறுத்து மடிப்பு மடிப்பாகக் கிழித்த மேடுகள். இடையிடையே வெயிலில் பளிச்சிடும் ஜிப்சம் தகடுகள். இது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற பிராணியின் உள்ளோடுகள், விரல் நீளத்தில் ஒரு முனை கூராக, இந்த மண்ணிலிருந்து கழுவப்பட்டு வெளியே வந்து கிடக்கும். சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் இந்த வட்டாரத்துப் பாறைகளில் உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து எடுத்துவந்து நம் பூஜை அறைகளில் வைத்திருக்கும் சாளக்கிராமம், அம்மோனைட் புதைபடிவம்தான். அங்கே கிடைத்ததற்குத் துளசி சாத்துகிறோம். இங்கே கிடப்பதன் மேல் லாரி ஏறுகிறது.

அடுத்து, அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி. கல்தூணையே மூலவராக வைத்துக் கும்பிடும் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்காக ஊர் அறிந்த இடம். அதே ஊரின் பெயரைத் தாங்கிய சுண்ணாம்புப் பாறை அடுக்கு புவியியல் படித்தவர்களிடையே உலகப் பெயர் பெற்றது. சுரங்கச் சுவரில் பார்த்தால் கிரைபியா என்ற கனத்த சிப்பிகள், உயிரோடு இருந்தபோது கூட்டமாய் வாழ்ந்த வண்ணமே, வரிசை வரிசையாகக் கல்லாகிக் கிடக்கின்றன. ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவது, ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூர். ஊரார் ‘கல்மரம்’ என்பார்கள். 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் ஓடைப்பக்கம் படுத்திருக்கிறது. கரையோரக் காட்டில் வளர்ந்த ஊசியிலை இன மரம், வெள்ளம் அடித்துவந்து கடலில் சேர்த்தது, சேறு மூடியது, மரத்தின் இழைக்குள் சிலிக்கா புகுந்து, மரம் இருந்த இடத்தில் மரத்தின் வடிவிலேயே கல் அமர்ந்துகொண்டது. வயது பத்துக் கோடி ஆண்டு அளவில் இருக்கும்.

நான்காவது, இந்தக் கடலின் முடிவு. செந்துறைப் பக்கத்து நின்னியூர், கல்லமேடு வட்டாரப் படிவுகள் டைனோசர்கள் உலகத்தைவிட்டுப் போன 6.6 கோடி ஆண்டு எல்லையின் இரு பக்கத்துக் கதையையும் சொல்கின்றன. கல்லமேட்டில் ஆற்று மண்ணும் ராட்சத எலும்பும். நின்னியூரில், அந்தப் பேரழிவுக்குப் பின் மிஞ்சியவை மறுபடி குடித்தனம் தொடங்கிய கடல்.

கோயில் இல்லாமல் பட்டியல் நிறையாது. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கங்கைவரை படையனுப்பிய ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டித் தலைநகரை இங்கே கொண்டுவந்தான். அதே காலத்தில்தான் அவன் கப்பல்கள் கடாரம்வரை போயின. கடல் கண்ணுக்குத் தெரியாத ஊரில் உட்கார்ந்து கடலை ஆண்ட பேரரசு அது. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு சோழர் தலைநகராக இருந்த ஊரில் இன்று கோயில் நிற்கிறது, சோழகங்கம் என்ற பொன்னேரி இருக்கிறது, மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. நகரம் இல்லை.

பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டை, அரியலூர்ப் பக்கம் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் என்று பட்டியல் இன்னும் நீளும். இங்கே நிறுத்தி வேறொரு கேள்வி கேட்கலாம். இத்தனை காலம் இவற்றைப் பாதுகாத்தது யார்?

யாருமில்லை என்பதே விடை. சிப்பியைக் காத்தது சேறு. மரத்தைக் காத்தது மண். சேறு மூடாமல் திறந்து கிடந்த சிப்பிகளும், வெள்ளம் அடித்துப் போகாமல் காட்டிலேயே விழுந்த மரங்களும் மக்கிப் போயின. பார்க்க ஆளில்லாமல் கிடந்ததுதான் பிழைத்தது. அந்தக் காலமெல்லாம் மறதிதான் காவல்காரன். அவனைப்போலக் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்த காவல்காரன் வேறு கிடையாது. பூமிக்கு எதையும் தேடி எடுக்கும் அவசரம் இருக்கவில்லை.

அவசரம் மனிதனோடு வந்தது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, பாழடைந்து கிடந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்து அணைக்குக் கொண்டுபோனார்கள். மாளிகைமேட்டுச் செங்கற்களை அக்கம்பக்கத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியெடுத்துத் தங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வைத்தார்கள். இதைக் கேட்டதும் கோபம் வருகிறது. கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம். கீழணை தேக்கும் தண்ணீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாயில் ஏறிச் சென்னைக்கும் வருகிறது. ராஜேந்திரனின் மதில் கரைந்துபோன அணையின் தண்ணீரைத்தான் மெரினாவுக்குப் பக்கத்து வீடுகளில் பிடித்துக் குடிக்கிறார்கள். கல்லை எடுத்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அவனுக்கு அணை தேவைப்பட்டது. அந்தக் கல் அவன் கண்ணுக்குக் கோயிலாகப் படவில்லை. கேட்பாரற்ற கல்லாகப் பட்டது.

சுண்ணாம்புக்கல்லின் கதையும் அதுவே, அளவு மட்டும் பெரியது. அரியலூரில் அரசின் சிமெண்ட் ஆலை 1979-ல் வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. சிப்பியடுக்குகளை வெடிவைத்து உடைத்து, அரைத்து, களிமண்ணோடு கலந்து, சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. அந்தச் சிப்பிகள் தங்கள் கடல்நீரிலிருந்து எடுத்து ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரி அது. ஏழு கோடி ஆண்டு பூட்டியிருந்ததை ஒரு சூளைப் பொழுதில் திறந்து விடுகிறோம். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்ட் தொழிலால் வருவது. வெளியேறும் வாயு வெப்பத்தைக் கூட்ட, வெப்பம் கடல் மட்டத்தைக் கூட்டுகிறது. ஒரு பழைய கடலைச் சுட்டுக் கட்டடம் கட்டுகிறோம். சுட்ட புகை புதிய கடலை அந்தக் கட்டடத்தின் வாசலுக்குக் கூட்டிவருகிறது.

சிமெண்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதை எழுதும் அறையின் சுவரும் அதுதான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், அங்கே வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும், வாசலில் படியும் தூசியைத் தினமும் கூட்டித் தள்ளுகிறவர்களும் அந்தக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே எல்லாக் கல்லையும் காப்பாற்று என்பது வெறும் பேச்சு. எந்தக் கல்லை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் விடைகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: யாராவது பார்த்துப் பெயர் சொல்லி எழுதிவைத்தது தப்பித்திருக்கிறது, மற்றது போயிருக்கிறது.

பிளான்ஃபோர்டு என்ற புவியியலர் 1862-ல் இந்தப் பாறைகளை வகைபிரித்து எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த பெயர்களில் இன்றும் இந்த அடுக்குகள் அழைக்கப்படுகின்றன. மொராவியாவிலிருந்து வந்த ஸ்டோலிச்கா, இங்கிருந்து சேகரித்த சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விவரித்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பிறகு இமயம் தாண்டிய பயணம் ஒன்றிலிருந்து திரும்புகையில் 1874-ல் லடாக்கில் இறந்துபோனார். அவர் எழுதியதால்தான், இந்தக் கிராமங்களின் பெயர்கள் உள்ளூர்ப் பேருந்துப் பலகையில் வருவதற்கு வெகு முன்பே ஐரோப்பிய நூலகங்களுக்குப் போய்விட்டன.

சாத்தனூர்க் கல்மரத்தை 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார். பின்னாளில் அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமானது. வேலி வந்தது, காவலுக்கு ஆள் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். மரம் இருக்கிறது.

கல்லமேட்டில் வேறு விதமாக நடந்தது. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை அதே துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து, 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கணைக்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஈரம் ஏறிய களிமண்ணில் கிடந்த அந்த எலும்புகள் பொலபொலவென உதிர்ந்து மண்ணாகிவிட்டன. படங்களும் வரைபடங்களும் மிஞ்சின. அதனால் இன்றுவரை அந்த விலங்கைப் பற்றி ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு போனாலும் வழக்கு நடக்கிறது. கண்டவர்கள் எழுதிவைத்ததால் நடக்கிறது. யாரும் காணாமல் சூளைக்குப் போன எலும்புகள் எத்தனையோ, அவற்றுக்கு வழக்கும் இல்லை.

கரைவெட்டி ஏரி 2024-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டிவரும் பட்டைத்தலை வாத்துகளுக்கு அதனால் அந்த ஏரி கொஞ்சம் உறுதிப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-லும், கங்கைகொண்ட சோழபுரம் 2004-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. இனி ஓர் அணைக்காக அந்த மதிலில் ஒரு கல்லைத் தொட யாருக்கும் துணிவு வராது. கவனியுங்கள்: ராம்சார், யுனெஸ்கோ, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், மூன்றுமே பட்டியல்கள். நாம் கிண்டல் செய்தோமே, ‘அவசியம் பார்க்க வேண்டிய இடங்கள்’, அதன் மூத்த அண்ணன்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானதும்கூட. பார்க்க வருகிறவன் சும்மாவா வருகிறான்? பிளாஸ்டிக் பாட்டிலோடு வருகிறான், சுவரில் பேர் கீறுகிறான், பெலம்னைட் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். புகழ் பெற்ற இடங்கள் புகழாலேயே தேய்கின்றன என்பதற்கு நம் மலைவாசத் தலங்கள் போதும். காரைக் களிமேடுகளின் அருமை, அங்கே கூட்டம் இல்லாததிலும் இருக்கிறது. அதையும் பட்டியலில் ஏற்றிவிட்டால் முகப்பில் ஒரு வளைவும் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடையும் வரும். விட்டுவிடுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அப்படிச் சொல்லும்போது, விட்டுவிட்டால் அது அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை மண்வெட்டிக் காலத்தோடு முடிந்தது. ஒரு மண்வாரி இயந்திரம் ஒரு பகலில் அள்ளுவதைப் படியவைக்க அந்தக் கடலுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். இயந்திரம் எட்டாத மறைவு இனி பூமியில் குறைவு. பார்க்கிறவனால் வரும் தேய்மானத்துக்கு வேலி போடலாம், விதி போடலாம், பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். எடுத்துப் போடாதே என்று சொல்ல ஓர் ஆள் நிற்கலாம். பார்க்காததால் வரும் அழிவுக்கு எந்த வேலியும் கிடையாது. போனது தெரிந்தால்தானே வேலி போட.

வாரணவாசியில் இன்று ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்த் திரும்பும் உள்ளூர்ச் சிறுவன், தன் ஊர்ச் சுரங்கத்து ஓரம் காலில் இடறும் சுருண்ட கல்லை இனி வெறுங்கல்லாகப் பார்க்க மாட்டான். அவன் பார்வை மாறியதும் அந்தக் கல்லின் தலையெழுத்தும் ஓரளவு மாறுகிறது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து கல்மரத்தின் முன் நின்று படம் பிடித்துப் போனாலும் அப்படித்தான். அந்தக் கடல் இருந்த காலத்தைக் கிரெட்டேசியஸ் என்று சொல்ல அவர்களுக்கு வராமல் போகலாம். அவசரமாகப் பார்த்தார்கள், அரைகுறையாகப் பார்த்தார்கள் என்றும் இருக்கட்டும். ஆனால் நாளை அந்த இடத்தில் மரம் இல்லை என்றால், “இங்கே ஒன்று இருந்ததே” என்று கேட்க அத்தனை பேர் இருக்கிறார்கள். கல்லுக்காக வழக்காட முதல் தகுதி அறிவு அல்ல, கண்டிருப்பது.

தஞ்சை, மெரினா என்று பெயர் பெற்றவற்றுக்கு இந்தச் சாட்சிகள் லட்சக்கணக்கில் உண்டு. அரியலூரின் கடலுக்குச் சாட்சிகள் போதாது. அந்தக் கடல் நம்மிடமிருந்து வெகுதூரத்திலும் இல்லை. கடற்கரை நகரங்களின் மாடிகளிலும் பாலங்களிலும் அது அரைபட்டு, சுடப்பட்டு, நீர் தெளிக்கப்பட்டு இறுகி நிற்கிறது. மெரினா எதிரே ஒரு கட்டடத்தின் நிழலில் நின்று கடலைப் பார்க்கிறவர் முதுகுப்புறத்திலும் ஒரு கடல் இருக்கலாம். அதில் ஒரு பகுதியையாவது சூளைக்குப் போகாத கல்லாக, அது படிந்த இடத்திலேயே, படிந்த அடுக்கிலேயே விட்டுவைப்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. நூறு சுரங்கச் சுவருக்கு ஒரு சுவர் போதும். எந்தச் சுவர் என்று சொல்வதற்குப் பார்த்தவர்கள் வேண்டும்.

பத்துக் கோடி ஆண்டுகள் மறதியின் பாதுகாப்பில் இருந்தவை, நம் தலைமுறையில் கை மாறி நினைவின் பாதுகாப்புக்கு வந்திருக்கின்றன. இந்த மாற்றத்தை நாம் கேட்டு வாங்கவில்லை. இயந்திரத்தைக் கண்டுபிடித்த அன்றே அது நம் தலையில் விழுந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் கிடந்தால் போதும், காலம் காத்துக்கொள்ளும் என்ற பழைய ஏற்பாடு செல்லாது. இனிமேல் ஒன்று நிலைப்பதும் நிலைக்காததும், அதைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஆகவே பட்டியல் போடுங்கள்; நீளமாகவே போடுங்கள். மனிதன் ஓர் இடத்தைப் பார்க்கப் போவது தன் பொழுதைப் போக்க என்று நினைத்திருந்தோம். அவன் போவதில் அந்த இடத்தின் ஆயுளும் இருக்கிறது.